கோடைத் தொடக்கத்தில் காய்கறித் தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, செடிக்கு என்ன நோய் என்றே கேட்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்தபோது, பலவற்றில் நோய் எதுவும் இல்லை, வெயில்தான் காரணம் என்று தோன்றியது. மருந்தையோ உரத்தையோ எடுக்கும் முன் வெப்பத்தையும் மண்ணின் ஈரத்தையும் கவனியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தக்காளிச் செடி செழிப்பாக வளர்ந்து நிறையப் பூக்கிறது. ஆனால் பூக்கள் எல்லாம் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன. என்ன உரம் இடலாம்?

உரம் எதுவும் வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் நீடித்து, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்களில் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. கருவுறாத பூவைச் செடி தானாகவே உதிர்த்துவிடும். இந்த நேரத்தில் தழைச்சத்து மிகுந்த உரத்தை இட்டால் இலைகள்தான் பெருகும். பிற்பகல் வெயிலைத் தடுக்க 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது என்பதால், காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாலும் ஓரளவு பலன் கிடைக்கும். அடுத்த முறை செர்ரி வகையைத் தேர்ந்தெடுங்கள். பெரிய காய் வகைகளைக் காட்டிலும் அது வெப்பத்தில் நன்றாகக் காய்பிடிக்கும். காற்றோட்டம் வேண்டுமென்று இலைகளை அதிகமாகக் கழித்துவிடாதீர்கள். மறைப்பு இழந்த காய்களில் வெயில் நேராகப் பட்டு வெளிறிய தழும்புகள் விழும்.

பிடித்த ஒன்றிரண்டு காய்களும் அடிப்பக்கம் கறுத்துப் போகின்றன. இது பூஞ்சணமா?

இல்லை. வளரும் காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் வருவது இது. பெரும்பாலான மண்ணில் அந்தச் சத்து இருக்கிறது. ஆனால் அது நீரோடுதான் செடிக்குள் பயணம் செய்யும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்தப் பயணம் தடைபடுகிறது. கறுத்த காய்களைப் பறித்து நீக்கிவிட்டு, ஒரே சீராக நீர் பாய்ச்சுங்கள்.

பூசணி, வெள்ளரி இலைகள் நண்பகலில் துவண்டு தொங்குகின்றன. பார்த்தவுடன் தண்ணீர் ஊற்றுகிறேன். சரிதானா?

அகன்ற இலைகள் நண்பகலில் நீரை ஆவியாக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாததால் துவள்கின்றன. மண்ணில் ஈரம் இருந்து, மாலையில் இலைகள் நிமிர்ந்துவிட்டால் கவலைக்கு இடமில்லை. ஆகவே ஊற்றும் முன் விரலை 5 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருக்கும்போதே மேலும் மேலும் ஊற்றினால், காற்றின்றி வேர் அழுகும்; வேர் அழுகிய செடியும் துவண்டுதான் நிற்கும் என்பதால் பலர் மறுபடியும் நீரை ஊற்றி அதைக் கொன்றுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் இழப்பு, ஏனெனில் அக்கறையால் நேர்வது. மாறாக, அதிகாலையில் வேர் ஆழத்துக்கு நனையும்படி நீர் பாய்ச்சி, காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு இடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தொட்டியில் வளர்ப்பவர்கள், தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றுக்கொன்று நிழல் தரச் செய்யுங்கள். சூடேறும் சிமென்ட் தரைமீது நேரடியாக வைக்காமல் கட்டையின் மீது ஏற்றி வையுங்கள். கறுப்பு நிறத் தொட்டி வெயிலை உறிஞ்சி வேரை வேகவைத்துவிடும். அதை வெளிர்நிறத் துணியால் சுற்றிவிடலாம்.

கொத்தமல்லி முளைப்பதே அரிது. முளைத்தாலும் உடனே பூத்துவிடுகிறது.

வெப்பமும் நீண்ட பகலும் கொத்தமல்லியைப் பூக்கத் தூண்டுகின்றன. அதை முழுமையாகத் தடுக்க வழியில்லை. நாம் விதை என்று சொல்லும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் உள்ளன; மெல்ல நசுக்கி இரண்டாகப் பிரித்து, ஓர் இரவு ஊறவைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நேரடியாக விதையுங்கள். ஆணிவேர் கலைந்தால் இன்னும் விரைவாகப் பூக்கும் என்பதால் நாற்றுப் பிடுங்கி நடவேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து, இளம் இலையாகவே பறித்துக்கொள்ளுங்கள். புதினாவுக்கும் இதே அரைநிழல் பொருந்தும்.

பீர்க்கு, சுரை இரண்டிலும் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. காலையில் கையால் மகரந்தம் தடவியும் பயனில்லை.

தவறு நேரத்தில்தான். பூசணியும் பாகலும் காலையில் மலர்பவை. பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. நீங்கள் காலையில் தொட்டது வாடத் தொடங்கிய பூவை. அந்தி நேரத்தில், புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, அடியில் குட்டிப்பிஞ்சு உள்ள பெண்பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள். கொடி பூக்கத் தொடங்கும்போது முதலில் ஆண்பூக்களே வரும்; அவை உதிர்வது இயல்பு.

கத்தரி இலையில் வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தன. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தேன், இலை கருகிவிட்டது.

அது செஞ்சிலந்தி; வறண்ட வெப்பத்தில் வேகமாகப் பெருகும். எண்ணெய்க் கரைசலைக் கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்கவேண்டும். முதலில், சில நாள் காலையில் இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். கடுமையான பூச்சிக்கொல்லிகள் சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களையும் அழித்து, தொல்லையைப் பெருக்கிவிடும்.

இப்போது எவற்றை விதைக்கலாம்?

வெண்டை, காராமணி, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை. வெண்டை விதையை ஓர் இரவு ஊறவையுங்கள். காலிஃபிளவருக்கும் கேரட்டுக்கும் குளிர்ந்த பருவம் வரும்வரை காத்திருங்கள்.

வெயிலில் காய்த்த வெள்ளரியும் சுரையும் கசக்கின்றன. சமைத்தால் சரியாகுமா?

வெப்பமும் நீர்ப்பற்றாக்குறையும் இவ்வகைக் காய்களில் குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப்பொருளைக் கூட்டக்கூடும். இலேசாகக் கசக்கும் வெள்ளரியில் காம்புப் பக்கத்தையும் தோலையும் சீவிப் பார்க்கலாம். சுரைக்காய் அப்படியல்ல. கசக்கும் சுரைக்காயும் அதன் சாறும் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்த வீழ்ச்சி வரை கொண்டுபோகக்கூடியவை. சமைத்தாலும் அந்த நஞ்சு நீங்காது. நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் எருக்குழியில் போட்டுவிடுங்கள்.