கழுதை சுத்த வெள்ளையா இருக்குமா?

இத்தாலி தீவு ஒன்னுல வெள்ளைக் கழுதை இருக்காமே, நிஜமான்னு கேட்டிருந்தீங்க. நிஜம்தாங்க. இத்தாலியோட பெரிய தீவான சார்டினியாவுக்கு வடமேற்கு மூலையில அசினாரான்னு ஒரு குட்டித் தீவு, அங்கதான் இருக்கு. உயரம் நம்ம இடுப்பளவுதான், ஒரு மீட்டர் வந்தாலே பெரிசு. உடம்பு பூரா வெள்ளை முடி, அதுக்கடியில ரோஸ் கலர் தோல், வெளிர் நீலக் கண்ணு. வெயில் அந்தக் கண்ணுக்கு ஆகவே ஆகாது, பளிச்னு அடிக்கிற நேரத்துல கண்ணைச் சுருக்கிக்கிட்டு தலையைக் குனிஞ்சு நிழல் தேடி ஒதுங்கிடும், பாவம்.

எகிப்துல இருந்து கப்பல்ல வந்துச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க, ஆனா சார்டினியாவோட சாதாரண சாம்பல் கழுதையில இருந்தே வந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது, ஏன்னா நிறமி உண்டாக்குற டைரோசினேஸ் ஜீன்ல இருக்கிற ஒரு மாற்றம்தான் இந்த வெள்ளைக்குக் காரணம், அது அப்பா அம்மா ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் குட்டி வெள்ளையா பிறக்கும், அதனால அதை வெளியில தெரியாம சுமக்குற ரெண்டு சாம்பல் கழுதைக்கும் வெள்ளைக் குட்டி பிறக்கலாம்.

1885-ல அரசாங்கம் தீவுல இருந்த குடும்பங்களைக் காலி பண்ண வெச்சு சிறைக் குடியிருப்பு ஆக்கிடுச்சு, அவங்கதான் எதிர்க்கரையில ஸ்டின்டினோ ஊரை உண்டாக்கினாங்க. நூறு வருஷத்துக்கு மேல வெளியாள் நடமாட்டமே இல்லை. 1997-ல தேசியப் பூங்காவாச்சு.

இப்ப பெரிய சிக்கல் எண்ணிக்கைதான். கூட்டம் சின்னது, சொந்தத்துக்குள்ளயே சேர்ந்தா குட்டி பலவீனமாகும், சாம்பல் கழுதையோட சேர்ந்தா வெள்ளைக் குட்டி குறையும். அதனால எதை எதோட சேர்க்குறதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் செய்யணும்.