டர்போ இல்லாத மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்சி காரை டர்போவாக மாற்ற, நம்பகமான பழைய ரோட்டரி எஞ்சினை எப்படித் தேடுவது?

அந்தக் காருக்குப் பொருத்தமானது 13பி டர்போ எஞ்சின். ஜப்பானில் கழற்றி இறக்குமதியாவதுதான் அதிகம் கிடைக்கும். "குறைந்த கிலோமீட்டர்" என்று விற்பவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நிரூபிக்க வழியே இல்லை.

கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் காற்று அழுத்தப்படும் அளவுதான் பேச வேண்டும். சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜ் இதற்குப் போதாது. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டர் ஒவ்வொன்றுக்கும் மூன்று முகங்கள். அந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். வந்த அளவை, எஞ்சின் 250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 250 சுற்று) வேகத்தில் சுழன்றால் வரும் அளவாகத் திருத்திப் பாருங்கள். ஒரே ஒரு முகம் மட்டும் மற்ற இரண்டைவிட வெகுவாகக் குறைந்தால், சீலில் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

எஞ்சின் தரையில் கிடக்கிறதா? டர்போவையும் மேனிஃபோல்டையும் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியே டார்ச் அடித்து, கையால் மெல்லச் சுழற்றுங்கள். ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் கண்ணுக்கு வரும்போது மரக்குச்சியால் அழுத்தினால் அது துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கார்பன் பிடித்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. ஓடும் எஞ்சின் என்றால், ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகையும் ரேடியேட்டரில் குமிழியும் வருகிறதா பாருங்கள்; கூலன்ட் சீல் போயிருக்கலாம்.

என்னைக் கேட்டால், எதை வாங்கினாலும் ஓவர்ஹால் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள். ரோட்டர் சுழலும் உறையான ஹவுசிங்கின் குரோம் பூச்சு உரியாமல் இருந்தாலே பாதி வெற்றி. அப்புறம், டர்போ காரின் கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் சேர்த்தே வாங்குங்கள். டர்போ இல்லாத உங்கள் காரில் ஏற்கெனவே இருப்பவை அவ்வளவு வலுவானவை அல்ல.