பானெட்டைத் தூக்கினால் சூடு குறையுமா?

கேள்வி: என்னுடையது பழைய பெட்ரோல் அம்பாசடர். பைபாஸில் 80-இல் போனால் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது, பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, தெர்மோஸ்டாட், மூடி, பெல்ட் எல்லாம் புதுசு போட்டாயிற்று. ஃபேனைச் சுற்றிக் கவர் கிடையாது. பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். 3டி பிரின்டர் வைத்திருக்கும் நண்பன், தானே ஏதாவது செய்து தருவதாகச் சொல்கிறான். எது சரி?
(ஈரோட்டு வாசகர் ஒருவர்)

பதில்: பானெட்டைத் தொடாதீர்கள். ஓடும்போது சூடாகவில்லை, நின்றால்தான் சூடாகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, நின்ற இடத்தில் அதன் வழியாகப் போதுமான காற்று போகவில்லை. கவர் இல்லாத ஃபேன் தனக்கு நேராக உள்ள வட்டத்தில்தான் ரேடியேட்டர் வழியாக இழுக்கும், நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும், போதாததற்குப் பக்கவாட்டிலிருந்து இன்ஜின் சூட்டையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் முதலில் ஃபேன் கவர் செய்யுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் ரேடியேட்டரின் முழு அளவுக்கு ஒரு மாதிரி வெட்டுங்கள், நடுவில் ஃபேனுக்கு வட்டம். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு அதை டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோய் 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் மடித்து வாங்குங்கள். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கவருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கட்டும். இறக்கை முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு அங்குலமாவது விடுங்கள், ஏனென்றால் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து ரப்பர் மவுண்டிங்கில் ஆடும், ரேடியேட்டர் ஆடாது. என் வண்டியில் அரை அங்குலம்தான் விட்டேன், முதல் ஆக்ஸிலரேட்டர் அழுத்தலிலேயே கர்ரென்று உரசித் தகட்டில் பிறை மாதிரி ஒரு பளபள கோடு விழுந்தது. கவரின் விளிம்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ரப்பர் பீடிங் ஒட்ட மறக்க வேண்டாம், இடுக்கு கிடைத்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்துகளையும் அப்படியே அடைத்துவிடுங்கள், பைபாஸிலும் பலன் தெரியும்.

நண்பரின் பிரின்டர் அளவு பார்க்க அருமையான கருவி. ஆனால் வழக்கமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், 90 டிகிரித் தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் பக்கத்தில் அது தாங்காது. ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் சுமார் 100 வரை தாங்கும், அங்கே அதுகூட விளிம்பு நிலைதான். வண்டியில் பொருத்தும் கவர் தகட்டிலேயே இருக்கட்டும்.

அப்புறம் அந்த வாஷர் யோசனை. வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடும், அதனால் தூக்கிய இடுக்கு வழியாகக் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளேதான் நுழையும். சந்தேகமிருந்தால் இடுக்கின் ஓரத்தில் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பாருங்கள், சீட்டில் உட்கார்ந்தபடியே தெரியும். வண்டி நின்றால் கொஞ்சம் சூடு வெளியேறும், வாஸ்தவம்தான், ஆனால் இன்ஜின் வாடை கேபினுக்குள் வரவும் அதுவே வழியாகிவிடும்.

கவர் போட்ட பிறகும் அதே நெரிசலில் முள் ஏறினால், வாட்டர் பம்பைக் கழற்றி உள்ளே தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம் (இம்பெல்லர்) தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.