காப்புறுதி நிறுவனத்தின் வைத்தியரிடம் போகுமுன்

கேள்வி: காலி வீதியைக் கடந்த என் கணவரை வேன் மோதி 18 மாதங்களாகின்றன. தலையில் பலத்த அடி. புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கெழுதியவருக்கு இப்போது காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. எதற்கும் எரிந்து விழுகிறார். வேனின் காப்புறுதி நிறுவனம் தன் வைத்தியரிடம் பரிசோதனைக்கு வரச் சொல்கிறது. இதுவரை எங்களை மனிதராகவே மதிக்காதவர்கள் அவர்கள். போகத்தான் வேண்டுமா? “ஒன்றுமே நினைவில்லை என்று சொல்லட்டும்” என்கிறார் என் அண்ணா.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: போகட்டும். மறுத்தால் நட்டஈட்டுப் பேச்சுவார்த்தை அங்கேயே நின்றுவிடும். அவர்கள் மதிக்காததற்கு நட்டஈட்டில் ஒரு சதமும் அதிகமாகக் கிடைக்காது, அதை விட்டுவிடுங்கள்.

உங்களைக் கவிழ்க்கப்போவது அண்ணாவின் யோசனைதான். நினைவாற்றல் பரிசோதனைகளுக்கு இடையில், மிகைப்படுத்துபவரைக் கண்டுபிடிக்கவென்றே சில சோதனைகள் வைப்பார்கள். பார்வைக்குக் கடினமானவை போலத் தோன்றும். உண்மையில் மூளைக் காயம்பட்ட பலரும் அவற்றை நன்றாகவே செய்துவிடுவார்கள். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் சோதனையில் குருட்டாம்போக்கில் சொன்னாலே ஏறக்குறையப் பாதி சரிவரும். அதற்கும் வெகுவாகக் கீழே போனால், சரியான விடை தெரிந்தே பிழையாகச் சொன்னார் என்று அறிக்கையில் எழுதுவார்கள். அந்த ஒரு வரி வந்தபின் உண்மையான தலைவலியையும் யாரும் நம்பமாட்டார்கள். நல்ல வழக்குகள் இப்படிச் சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு பெரிதாக ஒன்றும் செய்யத் தேவைப்படவில்லை.

மறைப்பதும் அதே வினைதான். முன்பு விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், மதுப் பழக்கமோ வலிப்போ இருந்திருந்தால், கேட்டவுடன் சொல்லட்டும். விபத்தன்று வைத்தியசாலையில் எழுதிய குறிப்புகளில் அது ஏற்கெனவே இருக்கக்கூடும். ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்பதற்காகக் காயமே இல்லை என்றாகாது. ஆனால் மயங்கிக் கிடந்தாரா, எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார் என்பதை அன்றைய குறிப்புகளே சொல்லும். டயக்னோசிஸ் கார்ட்டோடு (வீடு திரும்பும்போது வைத்தியசாலை தரும் நோய்க்குறிப்பு அட்டை) அவற்றின் பிரதியையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

நீங்களும் கூடப் போங்கள். அவர் திணறும்போது நீங்கள் விடை சொல்லாதீர்கள். அந்தத் திணறலைத்தான் வைத்தியர் பார்க்க வேண்டும். அந்த வைத்தியர் சிகிச்சை தர வரவில்லை. நடந்து வருவது, கைப்பேசி பார்ப்பது, போகிற போக்கில் பேசுவது எல்லாம் அறிக்கைக்குப் போகலாம். போன வாரக் கல்யாண வீட்டில் அவர் ஆடிய படம் முகநூலில் இருந்தால் அதுவும்தான்.

கொழும்பில் பலர் யோசிக்காத ஒன்று: தமிழில் சிந்திப்பவரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சோதித்தால், குறைந்திருப்பது நினைவா மொழியா என்று யார் சொல்வது? தமிழிலேயே, இல்லையேல் மொழிபெயர்ப்பாளரோடு நடத்தும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பேச்சுவார்த்தை நடப்பதால் காலம் நின்றுவிடாது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டே ஆண்டுகள். உங்களிடம் மிஞ்சியிருப்பது ஆறு மாதங்கள். வழக்கை இப்போதே தயார் செய்யும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

ஆனாலும் மாவட்ட நீதிமன்றத்தில் இது ஆண்டுக்கணக்கில் இழுபடும். இழந்த சம்பளத்தையும் இனி வரும் வைத்தியச் செலவையும் ஓரளவு ஈடுசெய்யும் தொகை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவரது நிலை ஒருவாறு நிலைத்துவிட்டது என்று உங்கள் வைத்தியர் எழுதித் தரும்வரை, இனி எதுவும் கோரமாட்டோம் என்னும் முழுத் தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். கையெழுத்து வைத்தபின் விடயத்தை மறுபடி திறக்க முடியாது.