கூடுதல் எடையும் புற்றுநோயும்: கேள்வி பதில்

கவிதா: குண்டாக இருந்தால் எல்லாப் புற்றுநோயும் வருமா மேடம்?

எல்லாம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-ல் 13 வகைகளுக்குப் போதிய சான்று இருப்பதாக அறிவித்தது. உணவுக்குழாயில் வரும் அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று), இரைப்பையின் மேல்வாய், பெருங்குடலும் மலக்குடலும், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், கருப்பை உட்சுவர், சினைப்பை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று, தைராய்டு, மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா. எல்லாவற்றிலும் ஆபத்து ஒரே அளவு கூடுவதில்லை. முன்னால் நிற்பது கருப்பை உட்சுவர்: பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40-ஐத் தாண்டியவர்களுக்கு, சரியான எடை உள்ளவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு. பெருங்குடலில் அது 1.3 மடங்குதான். வாய், நுரையீரல் புற்றுகளுக்கு முதன்மைக் காரணம் புகையிலை; கருப்பை வாய்ப் புற்றுக்கு, உடலுறவில் பரவும் ஹெச்பிவி வைரஸ். ஒல்லியாக இருந்துகொண்டு புகைபிடிப்பவருக்கு எடை எந்தப் பாதுகாப்பும் தராது.

சரவணன்: கொழுப்பு சும்மா கிடக்கிற பொருள்தானே மேடம், அது எப்படிப் புற்றை உண்டாக்கும்?

அது சும்மா கிடப்பதில்லை, ஹார்மோன் சுரக்கிற உறுப்பு. கொழுப்புத் திசுவில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடுகிறது, ஈஸ்ட்ரோஜனுக்குக் கொழுப்பே முக்கிய ஊற்றாகிறது. மார்பகமும் கருப்பையும் முதலில் அடிவாங்குவது அதனால்தான். இன்னொரு வழி இன்சுலின்: வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர ரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது, அது செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டுகிறது. மூன்றாவது, ஓயாத மெல்லிய அழற்சி. சில உறுப்புகளுக்குத் தனிப் பாதையும் உண்டு: வயிற்று அழுத்தத்தால் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது, கொழுப்புக் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் கல்லீரல் இறுகி சிரோசிஸ் ஆகலாம், அதிலிருந்து புற்று வரலாம்.

மீனா: என் உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. இது அதிகமா? இடுப்பை எங்கே அளப்பது?

72-ஐ 1.6 x 1.6-ஆல் வகுத்தால் பிஎம்ஐ 28.1. உலகப் பொது அளவுகோலில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். தெற்காசிய உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்கொழுப்பு சேர்வதால் 23-லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள். ஆகவே உங்களுடையது அதிகம்தான்.

இடுப்பை அளப்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பேன்ட் அளவு இடுப்புச் சுற்றளவு ஆகாது. வயிறு தொங்கினால் பேன்ட் கீழே இறங்கிவிடும், எண் மாறாது. ஆடையை விலக்கி, கடைசி விலா எலும்பின் அடியையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப் வர வேண்டும். பின்பக்கம் டேப் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் எண்ணைப் படியுங்கள். டேப் தோலை அமுக்கக் கூடாது. ஆசியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

ரேவதி: அம்மாவுக்கு 58 வயது, நல்ல பருமன். மாதவிடாய் நின்று 7 வருடம் ஆகிறது. போன வாரம் லேசாக ரத்தம் பட்டது, பிறகு நின்றுவிட்டது. "சூடு" என்கிறார். விட்டுவிடலாமா அக்கா?

விடவே கூடாது ரேவதி. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும், தானாக நின்றாலும், இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் யோனி வறட்சியோ பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும், பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றின் முதல் அறிகுறியும் இதுவேதான். வழக்கமாக யோனி வழி ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் பார்ப்பார்கள். 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் என்றால் சிறிய பயாப்ஸி, அதாவது துளி திசுவை எடுத்துச் சோதிப்பது. ஸ்கேன் சரியாக இருந்தும் ரத்தம் மறுபடி பட்டால் பயாப்ஸி கேளுங்கள். ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகிற புற்று இது.

வயதில் இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்து, 3 மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே போனால் "வந்தால் வரட்டும்" என்று இருக்காதீர்கள். உதிராத உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்து உதிரவைக்கலாம்.

பிரபு: 30 சதவீதம் ஆபத்து கூடும் என்று படித்தேன். 100-ல் 30 பேருக்கு வருமா?

இல்லை. 1000 பேரில் 20 பேருக்கு வரக்கூடிய நோய் 30 சதவீதம் கூடினால் 26 பேருக்கு வரும். அவ்வளவுதான் கணக்கு. சிறுநீரகப் புற்றுக்கு, பிஎம்ஐ 5 கூடும்போதெல்லாம் ஏறக்குறைய 30 சதவீதம் என்பது மதிப்பீடு. 160 செ.மீ. உயரத்துக்கு 5 என்றால் சுமார் 13 கிலோ.

ஷாகுல்: இத்தனை வருடம் கழித்துக் குறைத்தால் பயன் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களைத் தொடர்ந்த ஆய்வில், 3 ஆண்டுகளில் 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களுக்கு மார்பகப் புற்று 12 சதவீதம் குறைவு. 80 கிலோவுக்கு 5 சதவீதம் 4 கிலோதான். பருமனுக்கு அறுவைசிகிச்சை செய்தவர்களைப் பற்றிய 2022 ஆய்வில் எடை சார்ந்த புற்றுகள் 32 சதவீதம் குறைவாக இருந்தன. நடைமுறை இலக்கு: 6 மாதத்தில் 5 சதவீதம், வாரம் 150 நிமிட வேக நடை, 2 நாள் தசைப் பயிற்சி. பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் கரையும், எடையும் திரும்பி வரும்.

ஆனால் முயற்சியே செய்யாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், பரிசோதனைக்குப் போங்கள்.

லதா: எடை குறைக்கும் ஊசி போடலாமா?

மருத்துவர் சொன்னால் போடலாம். உங்களுக்கோ ரத்த உறவிலோ மெடுல்லரி என்ற வகை தைராய்டு புற்று இருந்திருந்தால், இந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைட் வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜெயா: எனக்குக் கீமோ நடக்கிறது, 92 கிலோ. இப்போதே டயட் தொடங்கவா?

நீங்களாகத் தொடங்காதீர்கள். பருமனான உடலிலும் தசை கரைந்திருக்கலாம், வெளியே தெரியாது. தசை போனால் கீமோவின் பக்கவிளைவுகள் கூடும். புரதம் குறையாமல் சாப்பிடுங்கள், முடிந்த அளவு நடங்கள், எடைக் குறைப்பைச் சிகிச்சை முடிந்தபின் டயட்டீஷியனோடு பேசலாம். இன்னொன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்: டோஸ் உங்கள் உண்மையான எடைக்கா போடப்பட்டிருக்கிறது? பருமனானவர்களுக்குப் பயந்து மருந்தைக் குறைத்த வழக்கம் இருந்தது. முழு எடைக்குத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2012-லேயே வழிகாட்டிவிட்டது.