பின்வாசலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'நூறு ஆண்டுகளுக்கு முன் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்?' என்று பள்ளியில் ஓர் ஒப்படைப்பு கொடுத்திருக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் செட்டிநாடு வரலாம் என்று இருக்கிறோம். மக்களின் வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம் அங்கே எது? பெரிய வீடுகளைப் பார்த்தால் போதுமா? மாமியாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.
- வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: வீடுகளைப் பார்த்தாலே பாதி ஒப்படைப்பு முடிந்துவிடும். ஆனால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று ஒன்று இருக்கிறது.

என் அம்மா கோட்டையூரில் ஒரு வளவு வீட்டில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் வைத்த செட்டியார் வீட்டில், 22 வருஷம் சமையல் வேலை பார்த்தார். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் நிற்பது அந்த அடுத்த தெருப் பக்கம், பின்வாசலில். அதனால் எனக்கு அந்த வீடு கிணற்றில்தான் தொடங்கும். பிறகு விறகு அடுக்கிய தாழ்வாரம், புகை படிந்த அடுப்படி, இரண்டாவது முற்றமான இரண்டாங்கட்டு, நடுமுற்றமான வளவு. முகப்பை நான் முதன்முதலாகப் பார்த்தது அந்த வீட்டு ஐயாவின் அறுபதாம் கல்யாணத்தன்று. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தலைகீழ். முகப்பில் நுழைந்து, பர்மா தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்து, பெல்ஜியம் கண்ணாடி முன்னால் படம் எடுத்துக்கொண்டு வளவோடு திரும்பிவிடுகிறார்கள். உங்கள் மகள் தேடுவது வளவிலும் அதற்குப் பின்னாலும்தான் இருக்கிறது.

முதல் நாள் காலையில் ஆத்தங்குடி போங்கள். அங்குள்ள பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். மாமியாரை முகப்புத் திண்ணையில் உட்கார வைத்துவிடலாம், காற்று நன்றாக வரும். மகளை வளவில் நிறுத்தி, சுற்றியிருக்கும் அறைக்கதவுகளை எண்ணச் சொல்லுங்கள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் மகனையும் மருமகளையும் 'வேறு வைப்பார்கள்'. அதாவது அதே வீட்டுக்குள் அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவு. சண்டையால் வந்த பிரிவினை இல்லை, முறையே அதுதான். கோயிலுக்கு வரி கட்டுவதும் 'புள்ளி' கணக்கில்தான். கல்யாணமானால் ஒரு புள்ளி. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கூட்டுக்குடும்பம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். இரண்டாங்கட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மகள் படம் வரைந்து விளக்கினாலே நல்ல ஒப்படைப்பு ஆகிவிடும்.

அடுத்தது, ஆண்கள் இல்லாத வீடு. பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன செட்டியார்கள் மூன்று வருஷத் தவணைக்குப் போனார்கள். அந்த மூன்று வருஷமும் நெல் அளப்பது, வட்டிக் கணக்கு, பெண் பிள்ளைகளுக்குச் சாமான் சேர்ப்பது எல்லாம் வீட்டுப் பெண்களான ஆச்சிமார் கையில். மேல்தளத்து அறைகளில் அடுக்கியிருக்கும் மங்குச் சாமான் (பீங்கான்), வெண்கலப் பாத்திரங்களைப் பார்த்தால் அழகு என்று கடந்து போகாதீர்கள். அதில் பெரும்பகுதி ஒரு பெண் கல்யாணத்தில் கொண்டுவந்தது. ஒவ்வொன்றையும் எண்ணிப் பட்டியல் எழுதி வைப்பார்கள். பல பாத்திரங்களில் உரியவரின் பெயரெழுத்தைப் பொறித்திருப்பார்கள், தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் வந்த வழியையும் மகளுக்குச் சொல்லுங்கள், பெருமையை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். 1930ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. 1937க்குள் அது சுமார் 25 சதவீதம் ஆயிற்று. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு ஒரு கதை இருக்கிறது. 1942ல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த கணக்குப்பிள்ளைக்கும் அவருக்கு உதவியாக இருந்த அடுத்தாளுக்கும் வேறொரு கதை. தேக்குத் தூணின் அடியில் இரண்டும் இருக்கின்றன.

போன வருஷம் என் தம்பி மகளை ஒரு வீட்டுக்கு அழைத்துப்போனேன். சுற்றிக்காட்டியவர் வளவோடு நின்று, "பின்னால ஒண்ணுமில்ல ஆச்சி, சாமான் போட்டுவைக்கிற இடம்" என்றார். கேட்டுக்கொண்ட பிறகு திறந்துவிட்டார். ஆட்டுக்கல் அப்படியே கிடந்தது, குழி வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் யாரோ சிலரின் தோள்வலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். திறக்க முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், அது அவர்கள் வீடு.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறை ஒன்றையும் பார்த்துவிடுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி, காய்ந்து, கண்ணாடி தானாகப் பிரிந்து வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மாலையில் கானாடுகாத்தான் தெருக்களில் காரிலேயே ஒரு சுற்று வரலாம்.

இரண்டாம் நாள் புதுக்கோட்டை. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் சமஸ்தான காலத்தில், 1910ல் தொடங்கியது. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்தச் சமஸ்தானத்துக்குள்தான் இருந்தது, 1948 வரை. சமஸ்தானம் அடித்த அம்மன் காசைப் பற்றி அங்கே விசாரியுங்கள். இந்த அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்து வாருங்கள். மதுரை வழியாகத் திரும்புவதாக இருந்தால் கீழடியில் 2023ல் திறந்த அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். காலம் ரொம்பப் பழையது என்றாலும், கட்டடம் செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியது, மகள் அடையாளம் கண்டுகொள்வாள்.

கேள்வி: காரைக்குடியில் பழைய சாமான் வாங்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள் உண்டு. எனாமல் அடுக்கு, மரச் சாமான், ஜாடி என்று நிறைய கிடைக்கும். கதவு, நிலை, தூண் மட்டும் வாங்காதீர்கள். ஒரு நிலை கடைக்கு வருகிறது என்றால் ஒரு வீட்டை இடித்திருக்கிறார்கள் என்று பொருள். வாங்க ஆள் இருக்கும்வரை இடிப்பார்கள்.

கேள்வி: அப்பத்தாவின் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகைகள், கடிதங்கள், கணக்கு நோட்டு இருக்கின்றன. எடைக்குப் போடச் சொல்கிறார்கள்.
- வாசகி, தேவகோட்டை

பதில்: போடவே போடாதீர்கள் அம்மா! எங்கள் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், துண்டு நோட்டீஸ் என்று மற்றவர்கள் கழித்துப் போட்ட காகிதத்தையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. உங்கள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு பத்திரிகையின் பின்னாலும் இது யார் கல்யாணம், அப்பத்தாவுக்கு என்ன உறவு என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். அப்பத்தா இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவிடுங்கள்.