காசநோய்ப் புரத ஆய்வு: கும்பகோணத்திலிருந்து கேட்ட தாய்க்கு

மகள் உயிர்தகவலியலில், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் துறையில், காசநோய்க் கிருமியின் புரதங்களை ஆராய விரும்புகிறாள், நோய் தொற்றிக்கொள்ளுமோ என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. மகள் கேட்கும் துறையில் காசநோய்க் கிருமியைத் தொடும் வேலையே இல்லை. உயிருள்ள கிருமியை வளர்க்கக் காற்றை வடிகட்டி வெளியேற்றும் தனி ஆய்வகம் வேண்டும். சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களின் வேலை அது. இவளுக்கு ஒரு லேப்டாப் போதும்.

கிருமியின் எந்தப் புரதம் நம் செல்லின் எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று கணிப்பதுதான் வேலை. 1998ல் வெளியான ஜீனோமின்படி, அதாவது கிருமியின் முழு மரபணுத் தொகுதியின்படி, அதற்குச் சுமார் 4,000 மரபணுக்கள். மனிதப் புரதங்கள் சுமார் 20,000. ஆக 8 கோடி ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் கணினிக்கு விவரிக்க 800 எண்கள் என்று வைத்தால்கூட 250 ஜிபியைத் தாண்டும், லேப்டாப் நின்றுவிடும். அதனால் கிருமி வெளியே சுரக்கும் புரதங்களையும் அதன் மேற்பரப்பில் இருப்பவற்றையும் மட்டும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். நம் செல்லைச் சந்திக்க வாய்ப்புள்ளவை அவைதான். இந்த வடிகட்டலை விட்டுவிட்டு, வேறு உயிரிகளில் ஒட்டும் ஜோடிகளின் சாயலை மட்டும் வைத்துத் தேடினால், பட்டியலின் உச்சியில், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் புரதங்கள் வந்து நிற்கும். எல்லா உயிரிலும் அவை ஒத்திருப்பதுதான் காரணம்; நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'ஒட்டாத ஜோடி' பட்டியல். ஒட்டுகிறது என்று சோதனையில் உறுதியானவை சொற்பம். ஒட்டவில்லை என்பதைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்வதில்லை. ஆகவே கண்டபடி ஜோடி சேர்த்து 'ஒட்டாதவை' என்று மாதிரிக்கு (கணிப்பைச் செய்யும் கணினி நிரலுக்கு) கற்பிக்கிறார்கள். ஒட்டும் ஜோடி ஒன்றுக்கு ஒட்டாதவை 99 என்று சேர்த்தால், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாதிரிகூட 99 சதவீதம் சரி! அந்த எண்ணைப் ப்ராஜெக்ட் அறிக்கையில் போட்டால் நேர்காணலில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வாள். 'ஒட்டும்' என்று மாதிரி சொன்னவற்றில் எத்தனை உண்மை, உண்மையில் ஒட்டுபவற்றில் எத்தனையைப் பிடித்தது என்ற இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். மாதிரியின் பயிற்சியில் வந்த கிருமிப் புரதம் அதைச் சோதிக்கும் பட்டியலில் திரும்ப வரக்கூடாது. வந்தால் மாதிரி புரதத்தின் பெயரை மனப்பாடம் செய்திருக்கும், அவ்வளவுதான். ஒரு நல்ல சோதனை உண்டு: கிருமியின் பிடிபிஏ புரதம் நம் செல்லின் அமில பம்பான வி-ஏடிபேஸில் ஒட்டி, கிருமி இருக்கும் பையை அமிலமாக விடாமல் தடுக்கிறது. பிடிபிஏ வரும் ஜோடிகளையெல்லாம் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு, இந்த ஜோடியை மாதிரி தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கட்டும்.

பி.எஸ்சி. இரண்டாமாண்டிலேயே பைத்தான் நிரல்மொழியும் லினக்ஸ் இயங்குதளமும் தொடங்கட்டும், கூடவே புள்ளியியல். பயோடெக் பிள்ளைகள் தடுமாறுவது புள்ளியியலில்தான். புரத வரிசைகள் யூனிப்ராட் தரவுத்தளத்திலும், கணித்த வடிவங்கள் ஆல்ஃபாஃபோல்ட் தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டி வகுப்பில் சேர அவசரம் வேண்டாம்.

மேற்படிப்புக்கு டெல்டாவைத் தாண்ட வேண்டியதில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலையில் உயிர்தகவலியல் துறை இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலையில் உயிரியல் துறைகளுக்கு சியூஇடி பிஜி (CUET PG) என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மேற்படிப்புக்கு உதவும் கேட் (GATE) தேர்வை மூன்றாமாண்டிலேயே எழுதலாம்.

வேலை என்று வரும்போது சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தான், எம்.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் ஆய்வுப் பதவி கிடைப்பது கடினம். ஆனால் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றுப் பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. சேரும் முன், வழிகாட்டிப் பேராசிரியரின் மாணவர்கள் எழுதிய நிரல்கள் பொதுவில் கிடைக்கின்றனவா, கணிப்பைச் சோதித்துப் பார்க்க ஏதாவது ஆய்வகத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டா என்று மகளே நேரில் கேட்கட்டும்.